கப்பல் பயணத்தில் டிப்ஸ்: யாருக்கு, எப்போது, எவ்வளவு? மதுரையிலிருந்து கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் திருநகர்க்காரன். மதுரையில் கேட்டரிங் படித்து, கப்பல் வேலைக்குத் தேவையான சிடிசி என்ற சான்றுப் புத்தகம் எடுத்து, எட்டு வருடம் வெளிநாட்டுப் பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்தேன். முதலில் அசிஸ்டெண்ட் வெயிட்டர், அப்புறம் வெயிட்டர், எல்லாம் டைனிங் ஹாலிலேயே. இப்போது ஊரோடு வந்து கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறேன். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள், பிள்ளைகளின் லீவுக்குக் கிளம்புகிறவர்கள் என்று தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லாரும் போன் செய்வார்கள். விசா, சாப்பாடு, வாந்தி மாத்திரை எல்லாம் கேட்டு முடித்துக் கடைசியில் கொஞ்சம் தயங்கிக் கேட்பது இந்த டிப்ஸ் விஷயம். அதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணே, டிக்கெட்டிலேயே ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கட்டியாச்சே. அப்புறம் டிப்ஸ் எதுக்கு?

நம் ஊரில் டிப்ஸ் என்றால் சாப்பிட்டு முடித்துச் சோம்புத் தட்டில் பத்தோ இருபதோ வைப்பது. வைத்தால் சந்தோஷம், வைக்காவிட்டால் சர்வர் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அவருக்குச் சம்பளம் முதலாளி தருகிறார். கப்பலில் கணக்கு வேறு. பெரும்பாலான கம்பெனிகளில் வெயிட்டர், ரூமைப் பார்த்துக்கொள்கிற கேபின் ஸ்டூவர்ட் ஆகியோரின் அடிப்படைச் சம்பளம் சின்னது, கைக்கு வருவதில் பெரும்பங்கு பயணிகள் கட்டும் டிப்ஸிலிருந்துதான் வரும் என்று வைத்தே வேலைக்கு எடுக்கிறார்கள். பேர்தான் டிப்ஸ், உண்மையில் அது சம்பளத்தின் ஒரு பகுதி. டிக்கெட் விலையைக் குறைவாகக் காட்டுவதற்காக இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அதை உங்கள் ரூமைக் கூட்டுகிற பையன் மேல் காட்டாதீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ரேட். ராயல் கரீபியனில் 2023 நவம்பரில் ஏற்றியபோது சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட் என்கிற பெரிய, விலை கூடிய ரூம் எடுத்தால் 21 டாலர் என்று வைத்தார்கள். நார்வீஜியனில் சாதாரண கேபினுக்கு 20, சூட்டுக்கு 25 என்ற அளவில் இருந்தது. அடிக்கடி ஏற்றுவார்கள், அதனால் புக் செய்கிற அன்றைக்குள்ள ரேட்டைப் பார்த்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது, இது கேபினுக்கு அல்ல, ஆளுக்கு. இங்கேதான் நம்மவர்கள் அசந்து போகிறார்கள். நாலு பேர் குடும்பம், அஞ்சு ராத்திரி, ஆளுக்கு 18.50 என்றால் 370 டாலர். டாலரைத் தொண்ணூறு ரூபாய் என்று வைத்துக் கொண்டால் முப்பத்து மூவாயிரத்து முந்நூறு ரூபாய். கடைசி நாள் காலையில் இந்தத் தொகையைப் பில்லில் முதன்முதலாகப் பார்த்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். கிளம்பும்போதே பயணச் செலவில் இதையும் ஒரு வரியாக எழுதி வைத்துக் கொண்டால் அந்தப் பிரச்னையே இல்லை.

இந்தத் தொகையைத் தனியாக யாரிடமும் நீட்ட வேண்டாம். கப்பலில் காசு புழங்காது, ஏறும்போது ஒரு கார்டு தருவார்கள், நீங்கள் வாங்குவதெல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். டிப்ஸும் தினமும் அதே கணக்கில் தானாக ஏறிக் கொண்டிருக்கும்.

எல்லாக் கம்பெனியும் இப்படித் தனியாக வாங்குவதில்லை. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ 2019 மே மாதத்திலிருந்து டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டது. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் மாதிரி விலை கூடிய கப்பல்களிலும் சேர்த்தேதான் வாங்குகிறார்கள்.

இந்தியாவில் சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்களே, கப்பல்காரன் மட்டும் எப்படித் தானாகப் போடலாம்?

நீங்கள் சொல்வது 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட வழிகாட்டுதல். ஓட்டல்களும் ரெஸ்டாரண்டுகளும் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்றார்கள், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. அது இங்குள்ள ஓட்டல்களுக்கு. சிங்கப்பூரில் ஏறி, பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ பறக்கிற கப்பலில் போகும்போது, நீங்கள் டிக்கெட் எடுக்கையில் ஒத்துக்கொண்ட நிபந்தனைதான் பேசும். அந்த நிபந்தனையில் இந்தத் தொகை எழுதியிருக்கும்.

கவுண்டரில் போய்ச் சொன்னால் அந்த டிப்ஸை எடுத்துவிடுவார்கள் என்கிறார்களே? எடுத்துவிட்டு நமக்கு வேலை செய்தவர்களுக்கு மட்டும் கையில் கொடுத்துவிடலாம் அல்லவா?

பல கம்பெனிகளில் எடுக்க முடியும். கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டரில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் குறைத்துவிடுவார்கள் அல்லது நீக்கிவிடுவார்கள். செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஒரு கான்ட்ராக்டில் என் பகுதிக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள், ஒரே குடும்பம், பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு மேஜை. அதில் ஒரு பாட்டி. முதல் நாள் ராத்திரி பாட்டி ஒன்றுமே சாப்பிடவில்லை, பிரெட்டைக் கிள்ளிக் கிள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, கொஞ்சம் ரசம் சாதம் கிடைக்குமா ராசா என்றார்கள். சமையலறையில் இந்தியச் சாப்பாடு செய்கிறவர் ஒரு கேரளக்காரர், அவர் ஷிஃப்ட் முடிந்து அடுப்பைத் துடைத்துக் கொண்டிருந்தார். சேட்டா, ஒரு பாட்டி என்று சொன்னதும் மறுபடி அடுப்பைப் பற்றவைக்கிற மாதிரி அந்த மின் தட்டைப் போட்டு, புளியைக் கரைத்து, மிளகும் சீரகமும் அங்கேயே நுணுக்கி, கடைசியில் மேலே நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி ஒரு சூப் கிண்ணத்தில் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு எஸ்கலேட்டரில் ஏறி வந்து வைத்தேன். பாட்டி குடித்ததைப் பார்த்துச் சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் கேட்டார்கள். அஞ்சு ராத்திரியும் ரசம் வந்தது.

கடைசி ராத்திரி அந்தக் குடும்பத்துப் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கம்பெனிக்குப் போறதை எடுத்தாச்சு, நீயே வச்சுக்க" என்று நாற்பது டாலர் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் வேலை பார்த்த அந்தக் கப்பலில் விதி என்னவென்றால், பயணி தானாக ஏறும் டிப்ஸை எடுத்துவிட்டால், அவர் கையில் கொடுக்கும் பணத்தை நாங்கள் சூப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும், அது பொதுக் கணக்குக்குப் போகும். ஒப்படைத்தேன். பன்னிரண்டு பேருக்கு அஞ்சு நாள் கணக்குப் போட்டால் வந்திருக்க வேண்டியது எங்கே, இந்த நாற்பது எங்கே. அந்தக் கேரளக்காரருக்கும், எங்கள் தட்டுகளை ராத்திரி ரெண்டு மணி வரை கழுவிய பையனுக்கும், உங்கள் போர்வையைத் துவைத்து மடித்தவனுக்கும் பங்கு போகிற ஒரே வழி அந்தத் தானாக ஏறும் தொகைதான். அவர்கள் யாரையும் நீங்கள் பார்க்கவே போவதில்லை. எல்லாக் கப்பலிலும் விதி இதேபோல் இருக்காது, ஆனால் உங்கள் கண்ணில் படாதவர்கள் வேலை செய்வது எல்லாக் கப்பலிலும் உண்டு.

வேலை சரியில்லை, ரூமைச் சுத்தமே செய்யவில்லை என்றால்? அன்றைக்கே கவுண்டரில் சொல்லுங்கள், ஆளை அனுப்பிச் சரி செய்வார்கள். கடைசி நாள் வரை பொறுத்துக்கொண்டு மொத்தமாக டிப்ஸை எடுப்பதில், தப்பு செய்த ஒருவரை விடத் தப்பு செய்யாத பத்துப் பேருக்கே அடி விழும்.

முன்கூட்டியே கட்டுவதா, கப்பலில் கட்டுவதா?

முன்கூட்டியே. புக் செய்யும்போதோ ஏறுவதற்குச் சில நாள் முன்போ கட்டிவிட வழி இருந்தால் கட்டிவிடுங்கள். நடுவில் ரேட் ஏறினாலும் பெரும்பாலும் உங்களைத் தொடாது, கடைசி நாள் பில்லும் லேசாக இருக்கும். ஏஜென்ட் மூலம் போகிறீர்கள் என்றால், "டிப்ஸ் சேர்த்தா, சேர்க்காமலா" என்று வாயால் கேட்காதீர்கள், வவுச்சரில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கட்டியாச்சு என்று இங்கே ஏஜென்ட் சொல்லி, கப்பலில் மறுபடியும் கணக்கில் ஏறி, காகிதம் கையில் இல்லாமல் கவுண்டரில் திணறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளுக்குமா?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார்னிவலில் ரெண்டு வயதுக்குக் கீழே இல்லை, நார்வீஜியனில் மூன்று வயதிலிருந்து உண்டு, எம்எஸ்சியில் சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு. ராயல் கரீபியனில் வயது பார்ப்பதில்லை. சரி, குழந்தைக்கு எதற்கு என்று தோன்றும். மேஜைக்கு அடியில் சிந்திய பருக்கையைப் பொறுக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், மற்றவர்களை விடக் குழந்தைக்குத்தான் வேலை அதிகம்.

இதற்கு மேலே கையில் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் யாருக்கு எவ்வளவு?

கட்டாயம் கிடையாது. தானாக ஏறும் தொகையைக் கட்டியிருந்தால் உங்கள் கடமை முடிந்தது, யார் முகத்தையும் பார்க்கக் கூச வேண்டாம். ஆனால் மனதுக்குப் பிடித்த மாதிரி யாராவது கவனித்துக் கொண்டால் கையில் கொஞ்சம் கொடுப்பது எங்களுக்குப் பெரிய விஷயம்.

என் கணக்கு இது, நாலைந்து ராத்திரிப் பயணத்துக்கு. கேபின் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு கேபினுக்குப் பத்து முதல் இருபது டாலர். ஒரு ஆள் ஏகப்பட்ட கேபின்களைத் தினமும் பார்க்கிறான், நீங்கள் டைனிங் ஹாலுக்குப் போன நேரம் பார்த்து உள்ளே போய்ப் படுக்கையைத் தட்டி, துண்டை மடித்து யானையோ குரங்கோ செய்து உங்கள் குழந்தையின் கண்ணாடியை அதற்கு மாட்டிவிட்டு வருகிறான். அந்த யானைக்கு ரெண்டு துண்டு வேண்டும், பெரிய துண்டை ரெண்டு பக்கமும் சுருட்டி மடக்கிக் கால், சின்னத் துண்டைச் சுருட்டித் தும்பிக்கை. இதெல்லாம் அவன் வேலை நேரத்துக்குள்தான், கூடுதல் நேரம் யாரும் தருவதில்லை. பாட்டி தாத்தா கூட வந்து, தினமும் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், கூடுதல் தலையணை என்று கேட்டிருந்தீர்களானால் இருபதுக்கே போங்கள்.

டைனிங் ஹாலில் வெயிட்டரும் அசிஸ்டெண்டும் ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். ஆர்டர் எடுத்துச் சிரித்துப் பேசுகிறவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றித் தட்டெடுத்த பையனை மறந்துவிடாதீர்கள். நானும் அந்தப் பையனாக இருந்தவன்தான். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குடும்பம் இருபது டாலர் கொடுத்தால் நிறைவு, தனித்தனிக் கவரில் கொடுத்தால் இன்னும் நல்லது. சைவம், வெங்காயம் பூண்டு இல்லாதது, ஜெயின் சாப்பாடு என்று ஹெட் வெயிட்டரிடம் சொல்லி முந்தின நாளே ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தால் அவருக்கும் ஒரு பத்து.

ரூம் சர்வீஸ் கொண்டு வருகிறவருக்கு ரெண்டு மூன்று டாலர், கதவிலேயே. நடு ராத்திரி பாலுக்காகக் கூப்பிட்டிருந்தால் அஞ்சு. குழந்தைகள் கிளப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஒரு சாக்லேட் டப்பாவும், பிள்ளை கையால் எழுதிய ஒரு நன்றிக் கார்டும் போதும்.

கேப்டனுக்கும் ஆபீசர்களுக்கும் கொடுக்கக் கூடாது. அவர்கள் சம்பளம் வேறு, கொடுத்தால் சங்கடப்படுவார்கள்.

பார், ஸ்பா பில்லில் தனியாகப் போட்டிருக்கிறதே?

ஆமாம், பெரும்பாலும் 18 சதவீதம், சில கம்பெனிகளில் 20, விலையோடு சேர்ந்தே வரும். ஜூஸ் வாங்கினாலும் வரும். கையெழுத்துப் போடச் சொல்லும் சீட்டில் கீழே இன்னொரு காலி வரி இருந்தால் அது கூடுதல் டிப்ஸுக்கானது, நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

முதல் நாளே கொடுப்பதா, கடைசி நாளா?

வழக்கம் கடைசி ராத்திரி. முன்பு டிப்ஸ் போடுவதற்கென்றே காலிக் கவர்களைக் கேபினில் வைத்துவிடுவார்கள், கடைசி டின்னரில் அந்தக் கவர்களைக் கையில் கொடுப்பது ஒரு சடங்கு மாதிரியே நடந்தது.

நான் சொல்வது, உங்களுக்கு ஏதாவது சிறப்பு உதவி தேவைப்பட்டால் முதல் நாளே ஒரு பகுதியைக் கொடுங்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, கீழ்ப் படுக்கை வேண்டும், இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி வேண்டும் என்றெல்லாம் இருந்தால், ஸ்டூவர்ட் வந்து பேர் சொல்லி அறிமுகம் செய்யும்போதே ஒரு பத்து டாலரைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கொடுத்தால்தான் செய்வான் என்பதற்காக அல்ல, அவன் ஞாபகத்தில் உங்கள் கேபின் தனியாக நிற்கும்.

மீதியைக் கடைசி ராத்திரி கொடுங்கள், இறங்குகிற காலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று காலை ஒரு பக்கம் நீங்கள் இறங்குவீர்கள், மத்தியானத்துக்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடும், நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் எல்லாக் கேபினையும் தயார் செய்ய வேண்டும். ஸ்டூவர்ட்டைக் கண்ணில் பிடிக்க முடியாது. கடைசி ராத்திரி டைனிங் ஹாலை விட்டுவிட்டுப் பஃபேக்குப் போகிறீர்கள் என்றால் முந்தின ராத்திரியே வெயிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

தலையணை அடியில் நோட்டை வைத்துவிட்டு வரவும் வேண்டாம். கேபினில் கிடக்கிற காசை நாங்கள் தொட மாட்டோம், தொட்டால் வேலையே போய்விடும் என்ற பயம். கவரில் போட்டு மேலே அவர் பேரை எழுதுங்கள், அல்லது கையில் கொடுங்கள்.

ரூபாயாகக் கொடுக்கலாமா?

இந்தியப் பையன் என்றால் வாங்கிக் கொள்வான், ஊருக்கு வரும்போது செலவழிப்பான். பிலிப்பைன்ஸ்காரருக்கோ இந்தோனேசியாக்காரருக்கோ நம் ஐந்நூறு ரூபாய் நோட்டு வெறும் காகிதம், மாற்ற இடமே கிடையாது. டாலர்தான் நல்லது, சிங்கப்பூரில் ஏறினால் சிங்கப்பூர் டாலரும் சரி. சில்லறைக் காசு வேண்டாம், நோட்டாக இருக்கட்டும்.

மதுரையில் அங்கீகாரம் உள்ள நாணய மாற்றுக் கடையில் பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் காட்டி வாங்கும்போது நூறு டாலர் நோட்டாகத்தான் எடுத்து நீட்டுவார்கள். ரெண்டு நாள் முன்னாடியே போன் செய்து அஞ்சு, பத்து டாலர் நோட்டுகள் வேண்டும் என்று சொல்லி வையுங்கள். நூறு டாலரை உடைக்கக் கப்பல் கவுண்டரில் கடைசி நாள் நிற்கிற வரிசையைப் பார்த்தால் நம் ரேஷன் கடை தேவலை.

துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும்போது?

பினாங்கு, புக்கெட், கொழும்பு என்று இறங்குகிற இடங்களில் டூர் பஸ்ஸில் வருகிற கைடும் டிரைவரும் கப்பல் ஆட்கள் இல்லை, கப்பல் டிப்ஸில் அவர்களுக்குப் பங்கு போகாது. அரை நாள் டூர் என்றால் ஆளுக்கு ரெண்டு மூன்று டாலர் கைடுக்கும், ஒரு டாலர் டிரைவருக்கும் என்று நான் சொல்வேன். இலங்கை, சிங்கப்பூர் ரெஸ்டாரண்டுகளில் பில்லிலேயே பத்து சதவீதம் போட்டிருப்பார்கள், அதற்கு மேல் வேண்டாம். ஜப்பானில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பின்னாலேயே ஓடி வந்து திருப்பித் தருவார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவருக்குப் பெட்டிக்கு ஒன்று ரெண்டு டாலர்.

சென்னையிலிருந்து இலங்கை போகிற கப்பலுக்கும் இதே கணக்கா?

2023 ஜூனிலிருந்து எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய் வந்ததே, அதைக் கேட்கிறீர்கள். இப்படி இங்கிருந்தே ஏறுகிற பயணங்களில் கணக்கு ரூபாயில் வரும், அதனால் டாலர் தலைவலி இல்லை. புக் செய்யும் பக்கத்தில் கேபின் விலைக்குக் கீழே வரி, துறைமுகக் கட்டணம், கிராஜுவிட்டி (டிப்ஸுக்குத்தான் அந்தப் பேர்) என்று தனித்தனி வரிகளாக வரும், கடைசிக் கூட்டுத்தொகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கையில் கொடுக்கிறதென்றால் கேபின் ஸ்டூவர்ட்டுக்கு ஐந்நூறு ரூபாய் தாராளம்.

கொடுக்க ஆசைதான், ஆனால் பட்ஜெட் முடிந்துவிட்டது. வேறு என்ன செய்யலாம்?

பேரை எழுதுங்கள். பயணம் முடிந்ததும் கருத்துக் கேட்டு ஒரு படிவம் வரும், அதில் "சாப்பாடு நன்றாக இருந்தது" என்று எழுதாமல், இன்ன டைனிங் ஹால், இன்ன மேஜை, இன்ன பேர், அவர் இன்னது செய்தார் என்று எழுதுங்கள். சட்டைப் பட்டையில் பேர் இருக்கும், அதைப் போனில் குறித்துக் கொள்ளுங்கள். நான் அசிஸ்டெண்டிலிருந்து வெயிட்டர் ஆனதற்கு அப்படி என் பேரை எழுதிய பயணிகளும் ஒரு காரணம், சூப்பர்வைசர் அந்தத் தாள்களைக் காட்டித்தான் சொன்னார். புரொமோஷன் என்றால் அடுத்த ஏழெட்டு மாதக் கான்ட்ராக்ட் முழுக்க வீட்டுக்குப் போகிற பணம் கூடுகிறது.

நம் ஊர்ப் பையன் யாராவது கப்பலில் வேலை செய்தால்? பணம் கொடுத்தால் தப்பாக நினைப்பானோ?

இதை நிறையப் பேர் கேட்கிறார்கள், ஏனென்றால் இப்போது பல கப்பல்களில் தமிழ்ப் பையன்கள் இருக்கிறார்கள். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்து ஓடி வருவான், நீங்களும் உறவுக்காரன் மாதிரிப் பேசிவிடுவீர்கள், அப்புறம் காசை நீட்டக் கை கூசும். கூச வேண்டாம், கொடுங்கள். வேண்டாம்ண்ணே என்று ஒரு தடவை சொல்வான், ரெண்டாம் தடவை நீட்டுங்கள். அதோடு, நின்று பேசிக்கொண்டே இருக்கச் சொல்லாதீர்கள். கடல் தொழிலாளர் சட்டப்படி அவனுக்கு ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு தர வேண்டும், அதாவது பதினாலு மணி நேரம் வரை நின்றபடி வேலை செய்கிறவன் அவன். மேஜை முடிந்து தட்டெல்லாம் எடுத்த பிறகு ரெண்டு நிமிஷம் போதும். பையில் இடமிருந்தால் ஊரிலிருந்து ஒரு பாக்கெட் பருப்புப் பொடியும் ஒரு சின்ன ஊறுகாய் பாட்டிலும் எடுத்துப் போங்கள், கம்பெனி ஒட்டிய மூடியைப் பிரிக்காமல். சிங்கப்பூரில் ஏறும்போது பையைச் சோதிப்பார்கள், வீட்டில் செய்து டப்பாவில் கட்டியதை எடுத்து வைத்துவிடுவார்கள்.